பெட்டி கட்டாத பயணம்: உள்ளூரிலேயே ஒரு கல்வி விடுமுறை

ஞாயிறு: கிளம்புவதற்கு முன்

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கும் குடும்பங்களுக்கு, உள்ளூர் விடுமுறையில் மற்றவர்களுக்கு இல்லாத ஒரு சிக்கல் உண்டு. பள்ளி செல்லும் பிள்ளைக்கு வீட்டில் இருப்பதே விடுமுறையாகிவிடும். எங்கள் பிள்ளைகளுக்கோ வகுப்பறையும் விளையாட்டிடமும் சாப்பாட்டு மேசையும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. ஆகவே ஊரை விட்டு நகராமல் ஒரு வாரத்தைப் பயணமாக்க வேண்டுமானால், எங்கே போவது என்று யோசிப்பதற்கு முன்பே எதையெல்லாம் நிறுத்தி வைப்பது என்று முடிவு செய்தாக வேண்டும். அந்த முடிவு இல்லாமல் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனால், அது வழக்கமான நாளில் சேர்ந்துகொண்ட இன்னொரு பாடவேளையாகவே முடியும்.

எங்களோடு இன்னொரு குடும்பமும் சேர்ந்திருக்கிறது. எங்கள் மூத்தவளுக்குப் பதின்மூன்று வயது, இளையவனுக்கு ஒன்பது. அவர்கள் வீட்டுச் சின்னவளுக்கு ஆறு. இரு வீட்டுப் பெரியவர்களும் கூடிப் பேசியபோது முதலில் எழுதியது நிறுத்தப்பட வேண்டியவற்றின் பட்டியலைத்தான். பாடப்புத்தகங்கள் அலமாரிக்குள் போகும். கணக்குப் பயிற்சித் தாள்கள் கிடையாது. இணைய வகுப்புகளுக்கு முன்கூட்டியே விடுப்புச் சொல்லியாயிற்று. பெரியவர்களின் அலுவலக அழைப்புகளும், நீண்ட நாளாகத் தள்ளிப்போட்ட வீட்டு வேலைகளும்கூட இந்த வாரம் கிடையாது. விடுமுறையில்தானே இருக்கிறோம் என்று பரணைச் சுத்தம் செய்யத் தொடங்குவதைப் போல இத்தகைய திட்டங்களைக் கெடுப்பது வேறொன்றும் இல்லை. உறவினர்களிடம் நாங்கள் வெளியூரில் இருப்பதாகவே எண்ணிக்கொள்ளும்படி சொல்லிவிட்டோம்.

அதற்குப் பிறகே எல்லை வகுத்தோம். நடந்தோ பேருந்திலோ ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய இடங்கள் மட்டுமே கணக்கில் வரும். ஒரு நாளைக்கு ஒரே ஒரு கேள்வி. அந்தக் கேள்வியும் இணையத்தில் தேடியவுடன் கிடைத்துவிடும் விடையை உடையதாக இருக்கக் கூடாது. அளந்தோ, பார்த்தோ, ஒருவரிடம் கேட்டோ அறியவேண்டியதாக இருக்க வேண்டும். முற்பகல் முழுவதும் அந்தக் கேள்விக்கு உரியது, பிற்பகல் பிள்ளைகளுக்கு உரியது. நாளொன்றுக்கு மூன்று இடங்களைச் சுற்றும் பயணத்திட்டங்களை நான் வெளியூர்ப் பயணங்களிலேயே நம்புவதில்லை.

நாட்களை வரிசைப்படுத்துவதில் நாள்காட்டி பாதி வேலையைச் செய்தது. பல ஊர்களில் அருங்காட்சியகங்களுக்குத் திங்கள் விடுமுறை என்பதால் அதைப் புதனுக்கு வைத்தோம். குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தைப் பார்க்க எழுத்துவழி அனுமதி வேண்டும் என்பதால் அதற்குப் பல வாரங்களுக்கு முன்பே விண்ணப்பித்து, அவர்கள் தந்த வியாழனை மையமாக வைத்து மற்ற நாட்களை அடுக்கினோம். நிலவைப் பார்ப்பதற்கு வளர்பிறை அட்டமியை ஒட்டிய இரவே ஏற்றது. அது வெள்ளியன்று அமையும் வாரமாகத் தேர்ந்தோம்.

திங்கள்: நிழல்

இன்றைய கேள்வி: நம் வீட்டுக்கு உண்மையான நண்பகல் எத்தனை மணிக்கு?

மொட்டைமாடியில் சரியாக ஒரு மீட்டர் உயரமுள்ள கோலை நட்டு, தூக்குக்குண்டு கட்டிப் பார்த்து நேராக்கினோம். தரையில் விரித்த வெள்ளைத் தாளில் நிழலின் நுனியைக் கால் மணி நேரத்துக்கு ஒரு முறை புள்ளியிட்டுப் பக்கத்திலேயே நேரத்தையும் எழுதினான் இளையவன். கடிகாரம் பன்னிரண்டு காட்டும்போது நிழல் மிகக் குறுகியதாக இருக்கும் என்று மூவருமே எதிர்பார்த்தார்கள். பன்னிரண்டு கடந்த பிறகும் நிழல் குறுகிக்கொண்டே போனது. சின்னவள் கடிகாரம் கெட்டுவிட்டது என்றாள். மூத்தவள் கோல் சாய்ந்துவிட்டதோ என்று தூக்குக்குண்டை மறுபடியும் கட்டிப் பார்த்தாள்.

காரணம் இரண்டு. நாடு முழுவதற்கும் ஒரே நேரம் என்று வைத்திருப்பதால், அந்த நேரத்துக்கு அடிப்படையான தீர்க்கக்கோட்டிலிருந்து ஓர் ஊர் ஒரு பாகை மேற்கே இருந்தால் சூரியன் அங்கே நான்கு நிமிடம் தாமதமாகவே உச்சிக்கு வரும். இரண்டாவது, புவியின் பாதை முழுவட்டமாக இல்லாமலும் அதன் அச்சு சாய்ந்தும் இருப்பதால், சூரியன் காட்டும் நேரம் கடிகாரத்திலிருந்து ஆண்டு முழுவதும் முன்னும் பின்னுமாக விலகிக்கொண்டே இருக்கிறது. நவம்பர் தொடக்கத்தில் சூரியன் ஏறத்தாழ 16 நிமிடம் முந்தியும், பிப்ரவரி நடுவில் ஏறத்தாழ 14 நிமிடம் பிந்தியும் இருக்கும். இவ்வளவையும் ஆறு வயதுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மிகக் குறுகிய நிழல் தெற்கு வடக்காகக் கிடக்கிறது என்பதை மட்டும் சின்னவள் தெரிந்துகொண்டு, மாடித்தளத்தில் சுண்ணக்கட்டியால் நான்கு திசைகளையும் வரைந்தாள். கோலின் நிழலைக் கொண்டு திசை காண்பது நமக்குப் புதிதன்று. நெடுநல்வாடையில் அரண்மனைக்கு மனை வகுக்குமிடத்தில், நண்பகலில் இரு கோல் நட்டுத் திசை தெரிந்து, நூலறிந்தவர்கள் கயிறிட்டு அளக்கும் செய்தி வருகிறது.

நண்பகலைக் கண்டுபிடித்ததோடு நிறுத்தாமல் இன்னொன்றுக்கும் முன்பே ஏற்பாடு செய்திருந்தோம். எங்களைப் போலவே வீட்டில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் நண்பர் குடும்பம் ஒன்று, எங்களுக்கு வடக்கே வரைபடத்தில் 550 கிலோமீட்டர் தொலைவில் வசிக்கிறது. அவர்களும் இதே நாளில், இதே உயரமுள்ள கோலை நட்டு, அவர்களுடைய நண்பகல் நிழலை அளந்தார்கள். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸ் செய்தது ஏறக்குறைய இதையேதான். எகிப்தின் தெற்கே உள்ள சையீன் நகரில் கோடை நடுநாளின் நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்க, அலெக்சாந்திரியாவில் அது வட்டத்தின் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 7.2 பாகை விலகியிருப்பதைக் கண்டு, இரு நகரங்களுக்கும் இடையிலான 5,000 ஸ்டேடியா (பண்டைக் கிரேக்க நீள அளவு) தொலைவை ஐம்பதால் பெருக்கிப் புவியின் சுற்றளவைச் சொன்னார்.

எங்கள் நிழல் 36.4 சென்டிமீட்டர்; நண்பர்களுடையது 47.1. கோலையும் நிழலையும் அளவு சுருக்கித் தாளில் வரைந்து, பாகைமானியால் கோணத்தை அளந்தான் இளையவன். மூத்தவள் கோணவியல் விகிதத்தைக் கொண்டு கணக்கிட்டாள். 20.0 பாகையும் 25.2 பாகையும் கிடைத்தன. வேறுபாடு 5.2. 5.2 பாகைக்கு 550 கிலோமீட்டர் என்றால் 360 பாகைக்கு எவ்வளவு என்று கணக்கிட்டபோது வந்த சுற்றளவு 38,000 கிலோமீட்டர் சொச்சம். துருவங்கள் வழியாக அளந்தால் உண்மையான சுற்றளவு ஏறக்குறைய 40,008 கிலோமீட்டர்.

இரண்டாயிரம் கிலோமீட்டர் எங்கே போயிற்று என்ற விவாதம் பிற்பகலையும் எடுத்துக்கொண்டது; பிள்ளைகளே விரும்பி நீட்டித்ததால் நாங்கள் தடுக்கவில்லை. குனிந்து பார்த்தபோது நிழலின் நுனி கூராக முடியவில்லை. கருமையிலிருந்து சாம்பலாகி, சாம்பலிலிருந்து வெளிறி, ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்குக் கலங்கலாக இருந்தது. சூரியன் புள்ளியன்று, வானில் அரைப் பாகை அகலமுள்ள தட்டு. அதன் ஒரு விளிம்பின் ஒளி மறைந்த இடத்தில் மறு விளிம்பின் ஒளி விழுந்துகொண்டிருக்கும். எங்கள் கோலுக்கு நிழல் அரை சென்டிமீட்டர் மாறினால் கோணம் கால் பாகை மாறிவிடும். 550 கிலோமீட்டருக்கு வரவேண்டிய வேறுபாடு 4.95 பாகை என்பதால், காணாமல்போன தொலைவு முழுவதும் அந்தக் கலங்கலுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. கோலின் தலையில் சிறு துளையிட்ட அட்டையைப் பொருத்தினால், துளை வழியே விழும் சூரியனின் சிறு வட்டப் பிம்பத்தின் நடுவைக் குறித்துக்கொள்ளலாம். இரு குடும்பங்களுக்குமான இந்த முயற்சியைத் திட்டமிடுபவர்கள் முதலிலேயே அட்டையோடு தொடங்கலாம் என்றாலும், பிழை எங்கிருந்து வருகிறது என்று பிள்ளைகள் தேடும் அந்தப் பிற்பகலைப் பறிக்க எனக்கு மனமில்லை.

செவ்வாய்: ஒரு சதுர மீட்டர்

கயிற்றால் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரம் கட்டி, பூங்காவில் நடைபாதை ஓரத்தில் ஒன்றும் மரத்தடியில் ஒன்றுமாக விரித்து, அதற்குள் எத்தனை வகை உயிர்கள் என்று எண்ணினோம். பெயர் தெரியாதவற்றை ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் படமெடுத்துப் பதிந்தோம். 2008இல் கலிபோர்னியாவில் மாணவர் திட்டமாகத் தொடங்கிய இதில், ஒருவர் இட்ட படத்தை மற்றவர்கள் பார்த்து இனத்தை உறுதிசெய்கிறார்கள். பிள்ளைகளோடு இதைப் பயன்படுத்துவோர், பதிவிடும் இடத்தைத் துல்லியமாகக் காட்டாமல் மங்கலாக்கும் வசதியைத் தேர்ந்துகொள்ள வேண்டும். குறிப்பாக வீட்டுத் தோட்டத்தில் எடுத்த படங்களுக்கு.

மிதிபடும் ஓரத்தில் தரையோடு படரும் செடிகளே மிகுதி, மரத்தடியில் பூச்சிகள் மிகுதி. எண்ணுவதில் சின்னவளே மற்ற இருவரையும் மிஞ்சினாள். தரைக்கு மிக அருகில் கண் இருப்பதும் ஒரு தகுதியே. பிற்பகல் முழுவதும் தூங்கினார்கள்.

புதன்: அருங்காட்சியகம்

பிள்ளைகளை அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்வோர் பெரும்பாலும் முதல் அறையிலிருந்து கடைசி அறை வரை நடக்கவைத்து விடுகிறார்கள். நாங்கள் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இருப்பதில்லை என்றும், ஆளுக்கு ஒரு பொருளை மட்டுமே பார்ப்பது என்றும் வைத்துக்கொண்டோம். பொருளைத் தேர்ந்தவுடன் விளக்க அட்டையைப் படிக்கக் கூடாது. முதலில் வரைய வேண்டும். வரைந்து முடித்து, இதை எதற்காகச் செய்தார்கள் என்று ஊகம் சொன்ன பிறகே அட்டையைப் படிக்கலாம். பென்சில் மட்டும் கொண்டுவரும்படி முன்பே தொலைபேசியில் சொல்லியிருந்தார்கள். மை, வண்ணம் இரண்டுக்கும் காட்சிக்கூடங்களில் பொதுவாக அனுமதி கிடைப்பதில்லை.

இளையவன் தேர்ந்தது ஆம்போரா எனப்படும் பழைய ரோமானியச் சாடி. இரு கைப்பிடிகள், நீண்ட கழுத்து, அடியோ கூர். வரையத் தொடங்கிப் பாதியில் நின்றுவிட்டான். "அம்மா, இதைக் கீழே வைத்தால் விழுந்துவிடுமே, இப்படியா செய்வார்கள்?" என்று கேட்டான். இரும்புத் தாங்கியில் நிறுத்தியிருந்ததால் அதுவரை யாருக்கும் அது உறைக்கவில்லை. மணலில் குத்தி வைத்திருப்பார்கள் என்பது மூத்தவளின் ஊகம். யாராவது கையிலேயே வைத்திருப்பார்கள் என்பது சின்னவளின் ஊகம். பிறகு அட்டையைப் படித்தார்கள். இது கப்பல் சரக்குக்கான சாடி. கீழ் வரிசைச் சாடிகளின் தோள்களுக்கு இடையே மேல் வரிசைச் சாடிகளின் கூர்அடி இறங்கி உட்காரும்படி அடுக்கினால், அலையில் கப்பல் ஆடினாலும் சாடிகள் நகராது. எண்ணெயையோ திராட்சை மதுவையோ ஊற்றும்போது அந்தக் கூரே மூன்றாவது கைப்பிடியாகவும் ஆகிவிடும். படம் வரையாமல் அட்டையை மட்டும் படித்திருந்தால் அடியைப் பற்றிய கேள்வியே பிறந்திருக்காது என்று நினைக்கிறேன்.

மற்ற இருவரின் பொருள்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மூத்தவள் ஒரு நாணயத்தைத் தேர்ந்து, அது கண்ணாடிக்குப் பின்னே மிகச் சிறியதாக இருந்ததால் சலித்துப்போனாள். உருப்பெருக்கி கொண்டு போவது நல்லது.

வியாழன்: குழாய் நீர்

இன்றைய கேள்வி: குழாயைத் திறந்ததும் வரும் இந்த நீர் நேற்று எங்கே இருந்தது?

வாரத்தின் சிறந்த நாள் இதுவே என்று இரு குடும்பமும் ஒருமனதாகச் சொல்லும். சுத்திகரிப்பு நிலையத்தில் எங்களை வரவேற்ற பொறியாளரிடம் பிள்ளைகளின் வயதையும், அவர்கள் எழுதி வைத்திருந்த கேள்விகளையும் முன்கூட்டியே அனுப்பியிருந்தோம். அதன் பயன் வாசலிலேயே தெரிந்தது. தயாராக வைத்திருந்த உரையை ஒதுக்கிவிட்டு, பிள்ளைகளை நேரே ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப் போனார் அவர்.

அங்கே ஆறு கண்ணாடிக் குவளைகளில் கலங்கிய ஆற்றுநீர் வரிசையாக இருந்தது. ஒவ்வொன்றிலும் வெவ்வேறு அளவில் படிகாரக் கரைசலை விட்டு, ஆறையும் ஒரே வேகத்தில் முதலில் விரைவாகவும் பின்பு மிக மெதுவாகவும் கலக்கினார்கள். ஜார் டெஸ்ட் என்று இதற்குப் பெயர். நீரில் மிதக்கும் களிமண் துகள்கள் எல்லாம் எதிர்மின்னூட்டம் உடையவை; ஒன்றையொன்று விலக்கிக்கொண்டே இருப்பதால் அவை தாமாக அடியில் படியமாட்டா. படிகாரம் அந்த மின்னூட்டத்தை நீக்கிவிட, துகள்கள் ஒட்டிக்கொண்டு திரளத் தொடங்கும். கலக்கும் தண்டு நின்றதும் மூவரும் மேசை விளிம்பில் மோவாயை வைத்துப் பார்த்தார்கள். முதல் குவளையில் கலங்கல் அப்படியே இருந்தது. நான்காவதில் பஞ்சுத்துணுக்குகள் போன்ற திரள்கள் தோன்றி, ஒன்றோடொன்று மோதிப் பெருத்து, மெல்ல இறங்கி, மேலே தெளிந்த நீரை விட்டுச் சென்றன. ஆறாவதில் படிகாரம் மிக அதிகம். அங்கே தெளிவு குறைந்திருந்தது. அளவுக்கு மீறினால் துகள்கள் நேர்மின்னூட்டம் பெற்று மறுபடியும் விலகத் தொடங்கும் என்று பொறியாளர் விளக்கினார். ஆற்றுநீர் நாளுக்கு நாள் மாறுவதால் மழைக்காலத்தில் இந்தச் சோதனையை அடிக்கடி செய்ய வேண்டியிருக்கிறதாம்.

பிறகு வெளியே தெளிவிப்புத் தொட்டிகள், மணல் வடிகட்டிகள், குளோரின் சேர்க்கும் இடம் என்று வரிசையாகப் பார்த்தோம். மணல் வடிகட்டியில் சேர்ந்த அழுக்கைப் போக்க, கீழிருந்து மேலாக நீரைப் பாய்ச்சிக் கழுவும் வேலை எங்கள் நல்வாய்ப்பாக அப்போது நடந்துகொண்டிருந்தது, அமைதியாகக் கிடந்த தொட்டி பழுப்பாகப் பொங்கி எழுந்ததைக் கண்டு சின்னவள் என் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா, இது கொதிக்கிறதா?" என்றாள்.

நீரில் எஞ்சிய குளோரினைக் காட்டும் மாத்திரைகள் சிலவற்றைக் கேட்டு வாங்கி வந்தோம். வீட்டுக் குழாய்நீரில் ஒன்றைப் போட்டதும் நீர் இளஞ்சிவப்பாக மாறியது. வண்ண அட்டையோடு ஒப்பிட்டு அளவைக் குறித்தார்கள். நீர் வந்துசேரும் இடத்தில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். நிலையத்தில் சேர்த்தது ஏன் வழியிலேயே தீர்ந்துவிடக் கூடாது என்பதை மூத்தவள் தம்பிக்கு விளக்கினாள்: குழாய்களில் எங்காவது கிருமி புகுந்தால் அதை எதிர்கொள்ள மிச்சம் வேண்டும். மாலையில், 1854இல் லண்டனின் பிராட் தெருவில் காலரா பரவியபோது மருத்துவர் ஜான் ஸ்னோ இறந்தவர்களின் வீடுகளை வரைபடத்தில் குறித்து, அவை ஒரு கைபம்பைச் சுற்றிக் குவிந்திருப்பதைக் காட்டிய கதையைச் சொன்னேன். அந்தப் பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள் என்றதும், கழற்றியவுடன் காலரா நின்றுவிட்டதா என்று இளையவன் கேட்டான். அதற்குள்ளாகவே நோய் தணியத் தொடங்கியிருந்தது என்று ஸ்னோவே எழுதியிருப்பதையும் சேர்த்துச் சொன்னேன். வழக்கமாக இந்தக் கதையைச் சொல்பவர்கள் அந்தப் பகுதியை விட்டுவிடுகிறார்கள்.

வெள்ளி: நூலகமும் நிலவும்

முற்பகலில் நூலகம். வாரத்தின் பிற்பகுதியில் நூலகத்தை வைத்தால் பிள்ளைகள் தங்கள் கேள்விகளோடு வருவார்கள் என்ற கணக்கு பலித்தது. மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட, புத்தகங்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் பகுப்பு முறையைப் பின்பற்றும் நூலகம் என்பதால் ஆளுக்கொரு எண்ணை மட்டும் கொடுத்தோம்: குடிநீர் வழங்கலுக்கு 628.1, நிலவுக்கு 523.3. அலமாரிகளுக்கு இடையே எண்களைத் தொடர்ந்து போய்ப் புத்தகத்தை எடுப்பதே சின்னவளுக்கு விளையாட்டாகிவிட்டது. வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பது இந்திய நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகங்களுக்கென வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது. அவளோ நேரத்தைச் சேமிக்கும் எண்ணமே இல்லாமல் ஒவ்வொரு அலமாரியிலும் நின்றாள்.

இரவில் அதே மாடிக்கு ஏறினோம். முழுநிலவில் ஒளி நேராக விழுவதால் நிழல்களே தெரியாது. பாதிநிலவில் ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டை ஒட்டி ஒளி சாய்வாக விழுவதால் ஒவ்வொரு பள்ளமும் மேடும் நிழலோடு எழுந்து நிற்கும். 10x50 இருகண் தொலைநோக்கி ஒன்றை முக்காலியில் பொருத்தியிருந்தோம். கையில் பிடித்துப் பார்த்தால் படம் நடுங்கி, பிள்ளைகள் பார்த்ததாகச் சொல்லிவிட்டு விலகிவிடுவார்கள். இருண்ட பக்கத்துக்குள் தனியாக மின்னிய ஒரு சிறு ஒளிப்புள்ளியை மூத்தவள் கண்டாள். சுற்றிலும் இன்னும் விடியாத இடத்தில் மலையுச்சி மட்டும் வெயில் வாங்கும் காட்சி அது. அத்தகைய புள்ளிகள் ஒளிக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கின்றன என்பதை வைத்தே நிலவின் மலைகளின் உயரத்தைக் கணித்து, 1610இல் வெளியிட்டார் கலிலியோ. திங்களன்று கோலையும் நிழலையும் வைத்துக் கணக்கிட்டவளுக்கு அந்த முறையை விளக்க இரண்டு வாக்கியங்கள் போதுமாக இருந்தன.

சனி: கோப்பு

கண்காட்சி வைப்பதா வேண்டாமா என்பதில் இரு குடும்பங்களுக்கும் கருத்து வேறுபாடு இருந்தது. வாரத்தின் முடிவில் பிள்ளைகள் எதையாவது செய்து காட்ட வேண்டும் என்று வைத்தால் விடுமுறை மறுபடியும் பள்ளியாகிவிடும் என்பது என் எண்ணம். மற்ற வீட்டு அம்மாவோ, காட்டுவதற்கு ஆள் இருந்தால்தான் பிள்ளைகள் பொருளை முடித்து வைப்பார்கள் என்றார். கடைசியில் விருப்பமுள்ளவர் காட்டலாம் என்று விட்டோம். இளையவன் கூர்அடிச் சாடியைக் களிமண்ணில் செய்து அட்டைப்பெட்டிக்குள் அடுக்கிக் குலுக்கிக் காட்டினான். மூத்தவள் எதையும் காட்டவில்லை.

கல்வித்துறைக்கு ஆண்டுதோறும் கோப்பு ஒப்படைக்க வேண்டிய நாடுகளிலும் மாநிலங்களிலும் வசிக்கும் குடும்பங்கள், இந்த வாரத்தை அந்தக் கோப்பில் சேர்ப்பதை விட்டுவிடக் கூடாது. அதற்காகத் தனியே கட்டுரை எழுதவைக்க வேண்டியதில்லை. நிழல் புள்ளிகள் உள்ள தாள், குளோரின் அளவு குறித்த பக்கம், சாடியின் பென்சில் படம் ஆகியவற்றில் நாளும் இடமும் எழுதினாலே போதும். நிழல் தாள் கணிதம், புவியியல் இரண்டின் கீழும் வரும் என்பதால் அதைப் படியெடுத்து இரண்டிலும் வைத்தோம்.

வடக்கே உள்ள நண்பர்களோடு அடுத்த அளவீட்டுக்கு மார்ச் 20ஐ ஒட்டிய வாரத்தைக் குறித்திருக்கிறோம். பகலும் இரவும் சமமாகும் அந்த நாட்களில் நண்பகல் நிழலின் கோணமே ஊரின் அட்சரேகையாக அமைந்துவிடுவதால், எங்கள் அளவீடு எவ்வளவு சரியானது என்பதை இரு குடும்பமும் தனித்தனியே வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். துளையிட்ட அட்டையை இரு வீட்டுக்கும் ஒரே அளவில் வெட்டி அனுப்பும் பொறுப்பை மூத்தவள் ஏற்றிருக்கிறாள்.